இழுகயிற்றின் முடிச்சு

சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு ஜொஹாரி முன்கூடத்துக்கு வந்தபோது அந்த முடிச்சு மறுபடியும் அவிழ்ந்திருந்தது. புல்வெட்டி மெஷினைக் கிளப்பும் இழுகயிறு உள்ளே சுருண்டுகொண்டுவிட்டது. கைப்பிடி மட்டும் தரையில், யாரோ பத்திரமாக எடுத்து வைத்ததுபோல, சுவரோரமாக இருந்தது.

முந்தாநாளிலிருந்து இதே கதைதான். மூடியைக் கழற்று, கயிற்றை வெளியே இழு, கைப்பிடியில் கோத்து முடிச்சுப் போடு, கொஞ்சம் அந்தப் பக்கம் போய்விட்டு வா, அவிழ்ந்திருக்கும். முடிச்சு நழுவினால் நுனி கசங்கியிருக்க வேண்டும். இந்த நுனி, நகத்தால் நீவிவிட்டதுபோல நேராக இருந்தது. ஜொஹாரிக்கு அலுத்துப்போய்விட்டது.

நாளைக் காலையில் பள்ளிக்கூடத்துத் திடலில் புல் வெட்டியாக வேண்டும். அவனுடைய பழைய மெஷின் திருட்டுப்போனதிலிருந்து அங்கே புல் முழங்கால் உயரம் வளர்ந்துவிட்டது. நாளைக்கும் வெட்டாவிட்டால் ஈப்போ டவுன் கான்ட்ராக்டருக்குக் கொடுத்துவிடுவதாகத் தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். இந்த வயதில், இந்த முதுகை வைத்துக்கொண்டு, அந்த வேலையும் போனால் வேறு யார் கூப்பிடப்போகிறார்கள்? அதனால்தான் செமானின் பழைய சாமான் கடையில் அடிமாட்டு விலைக்குக் கிடந்த இதைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

மெஷினில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கார்புரேட்டரைக் கழுவினான், பிளக்கை மாற்றினான், வெட்டும் நரம்பைப் புதிதாகச் சுற்றினான். வம்பெல்லாம் அந்தக் கயிறுதான். நைலான் இல்லை, முறுக்கிய வெள்ளைத் துணி. நுனி பிரியாமலிருக்க லைட்டரால் சுட்டால் உருகவில்லை. புகைந்தது. புகையில் கற்பூர வாசனை. டவுனில் நல்ல கயிறு வாங்கலாமென்றால் பெருநாள் விடுமுறை, கடை திறக்க இன்னும் சில நாள் ஆகும். கொடிக்கயிறு துளையில் நுழையவே இல்லை.

மத்தியானம் வேலைக்குக் கிளம்பிய நொரைனியிடம், நீதான் அவிழ்த்தாயா என்று கேட்டுப் பார்த்தான்.

“ஆமா, எனக்கு வேற வேலை இல்ல பாருங்க,” என்றாள் மனைவி. “அந்தச் சனியனத் தூக்கி வீசுங்க. மூஞ்சியே சரியில்ல உங்களுக்கு. ரெண்டு நாளாத் தூங்கின மாதிரியே தெரியல.”

இப்போது செமானுக்கு போன் போட்டான். யாருடைய மெஷின் என்று கேட்டதற்கு, மையவாடியில் கப்ருக்குழி தோண்டிக்கொண்டிருந்த தோக் டெரிஸுடையது, கிழவர் மௌத்தானதும் மகன் கொண்டுவந்து போட்டான் என்றான் செமான். கயிறு அறுந்தபோது கையில் கிடைத்த துணியைக் கட்டியிருப்பாராம், அவர் கையில் வேறென்ன துணி கிடைக்கும் என்று சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

“பாவம் ஜோ, கடைசியில ஆஸ்பத்திரில நர்ஸ் போட்ட கட்டுகளயெல்லாம் அவுத்துக்கிட்டே கெடந்தாராம். முடிச்சக் கண்டா அந்தக் கை சும்மா இருக்காதுப்பா.”

ஜொஹாரிக்கு அந்தக் கைகளைத் தெரியும். அம்மா கல்சோமைக் குழிக்குள் வைத்தபோது தோக் டெரிஸ்தான் உள்ளே இறங்கினார். கபன் துணியின் கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். வலப்பக்கமாகத் திருப்பி, தொழும் திசையான கிப்லாவைப் பார்க்கப் படுக்கவைத்தார். உருண்டை மண்ணைக் கன்னத்துக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று என்று முட்டுக் கொடுத்தார். மேலே, மண்ணுக்குள் போனவருக்குச் சொல்லிக்கொடுக்கும் தல்கீனை ஓதியபோது அம்மாவை அவளுடைய தாய் பெயர் சொல்லி, இன்னாருடைய மகளே என்று கூப்பிட்டார்கள். உயிரோடிருப்பவர்களை இந்த ஊரில் அப்பன் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

மழை பிடித்துக்கொண்டது. தகரக்கூரையில் அடிக்கிற சத்தத்தில் வேறொன்றும் கேட்கவில்லை. வீசிவிடலாமா? வீசினால் நாளைக்குத் திடல்? இவ்வளவு பார்த்தாயிற்று, ஒரு துணிக்கயிற்றுக்குப் பயந்து பிழைப்பைக் கெடுத்துக்கொள்வதா? பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிட அசதி அதிகமாக இருந்தது. கைப்பிடியை வைத்துவிட்டு, கயிற்றை வெளியே இழுத்து, நுனியைத் தன் கால் கட்டைவிரலிலேயே இறுக்கிக் கட்டினான். எவன் அவிழ்த்தாலும் கயிறு சர்ரென்று உள்ளே ஓடும், விழித்துக்கொள்ளலாம். பாயில் சாய்ந்தான். அஸருக்குப் பிறகு தூங்கினால் புத்தி பேதலிக்கும் என்று அம்மா திட்டுவாள். கொஞ்ச நேரம்தான், அம்மா.

கண் விழித்தபோது இருட்டியிருந்தது. மழை நின்று கூரைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தவளைகள். ஈரமண் வாசனை, அதன் அடியில் கற்பூரம். கால் கட்டைவிரலில் என்னவோ குளிர்ச்சியாக ஊர்ந்தது.

விரல்கள்.

அவசரமே இல்லாத விரல்கள். முடிச்சை நகத்தால் நெம்பின. நீவின. மறுபடி நெம்பின. காலை இழுத்துக்கொள்ள நினைத்தான். கால் வரவில்லை.

முடிச்சு தளர்ந்தது. கட்டைவிரல் விடுபட்டது.

கயிறு ஓடும் சத்தம் வரவில்லை.

யாரோ அதைப் பிடித்திருந்தார்கள்.

தோளில் ஒரு கை. மெல்ல வலப்பக்கமாகத் திருப்பியது. நொரைனி தொழுகைப்பாய் விரிக்கும் சுவர் இப்போது முகத்துக்கு நேரே இருந்தது. கன்னம் உயர்ந்தது. அதனடியில் ஓர் உருண்டை வந்தது. ஈரம். மண். முதுகுக்குப் பின்னால் இன்னொன்று.

முதுகு வலிக்கவில்லை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, வலியே இல்லை. அதுதான் அவனைக் கத்தத் தூண்டியது. வாய் திறக்கவில்லை.

வாசலில் நொரைனியின் மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. “என்னங்க, வெளக்குக்கூடப் போடாம?” என்று கேட்டாள். சாவியைத் தேடினாள்.

காதருகே ஒரு மூச்சு குனிந்தது.

“கல்சோம் மகனே, ஜொஹாரி,” என்றது. “கேட்டுக்கோ.”

முதல் பிடி மண் காலில் விழுந்தது.