மயங்காதவள்

மின்விசிறியின் ஓசை நிற்கவில்லை. ஊசி ஏறியதும் எல்லாம் அணைந்துவிடும் என்று மயக்க டாக்டர் ஜேம்ஸ் சொல்லியிருந்தார். அணைந்தது, ஆனால் மீண்டும் எரிந்தது. ஸ்பிரிட்டின் குளிர்ந்த வாடையும், வெந்நீரில் அவித்த துணியின் ஆவியும், தொண்டைக்குள் இறங்கியிருந்த ரப்பர்க் குழாயின் கசப்பும், ஆவடிச் சாலையில் முனகிச் செல்லும் லாரியின் அதிர்வும் ஒவ்வொன்றாய் வனஜாவிடம் திரும்பி வந்தன. ஆபரேஷன் முடிந்துவிட்டது, கர்ப்பப்பைக் கட்டி போய்விட்டது, இனி ஒரு குழந்தை பிறக்கும் என்ற மகிழ்ச்சியோடு கண்ணைத் திறக்க முயன்றாள்.

இமை எழவில்லை. அதன் இடுக்கில் விளக்கின் வெண்மை மட்டும் தெரிந்தது. விரலும் அசையவில்லை.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் அறுவை டாக்டர் வீரராகவன்.

"ஆரம்பிங்க. நான் பூந்தமல்லி கேஸ பாத்துட்டு வந்துடறேன்" என்றார் ஜேம்ஸ்.

வாசலில் அவருடைய ஸ்கூட்டர் உதறி, கிளம்பி, தேய்ந்து மறைந்தது.

அறிவை உறங்க வைக்க ஒரு மருந்து. தசைகளைக் கட்டிப்போட இன்னொரு மருந்து. இரண்டாவது வென்றது. முதலாவது, ஆண்டுக்கணக்காய் இரவுதோறும் தூக்க மாத்திரை விழுங்கிப் பழகிய உடலிடம் தோற்றது. மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாளா என்று ஜேம்ஸ் கேட்காமல் இல்லை. அவள் வாய் திறப்பதற்குள் கணவன் மனோகரன் முந்திக்கொண்டான்: "மாத்திர கீத்திர ஒண்ணியும் இல்ல சார்." தான் வேலை செய்யும் தொழிற்சாலையின் ஆஸ்பத்திரியை விட்டு இந்தத் தனியார் மருத்துவமனைக்கு அவன் அழைத்து வந்ததே அதற்காகத்தான். "அங்க நர்ஸுங்க பூரா நம்ம லைன்லதான் கீறாளுங்க. உன்ன மெண்டலுன்னு குவார்ட்டர்ஸ் பூரா சொல்லுவாளுங்க. வாய மூடிக்கினு இரு."

உறங்காத பெண்ணுக்குப் பேய் என்று பெயர். உறங்க மருந்துண்ட பெண்ணுக்குப் பைத்தியம் என்று பெயர். மானம் அவனுடையது. உடல் அவளுடையது.

அடிவயிற்றில் குளிர்ந்த கோடொன்று ஓடியது. பிறகு அது தீயாயிற்று. வனஜா அலறினாள். அறையில் ஓசை எழவில்லை. நர்ஸ் லோகநாயகி அமுக்கும் ரப்பர்ப் பைதான் அவளுக்காக மூச்சு விட்டது.

"நாடி ஓட்டமா ஓடுது சார்."

"ரத்தம் போவுது, அதான். நீ பைய அமுக்கு."

கைகள் உள்ளே துழாவின. நின்றன.

"கட்டிய மட்டும் எடுத்தா பத்தாது போல கீதே." வீரராகவன் கதவை நோக்கிக் குரலை உயர்த்தினார். "மனோகரன்! கர்ப்பப்பையவே எடுத்துடட்டுமா?"

வேண்டாம். வேண்டாம். நாக்கு கிடந்தது. கை கிடந்தது. ஒரே ஒரு விரல். ஒரே ஒரு முறை.

கதவுக்கு அப்பால் மனோகரன் தயங்கினான். "அவளாண்ட ஒரு வார்த்த கேக்காம..."

"அவதான் மயக்கத்துல கீறாளே. எழுப்பிக் கேக்கவா?" டாக்டர் சிரித்தார்.

அவனும் சிரித்தான். "எடுத்துடுங்க சார்."

"சார், கண்ணுல தண்ணி வருது" என்றாள் லோகநாயகி.

"மருந்துக்கு அப்பிடித்தான் வரும். தொடச்சிட்டு ஒட்டு."

பஞ்சு கன்னத்தைத் துடைத்தது. மெதுவாக. பரிவாக. இடது இமையின்மேல் பிளாஸ்திரி படிந்தது. வெளிச்சம் பாதியாயிற்று. இன்னொரு துண்டு கிழியும் ஓசை. வலது இமை.

இருள்.

பை உப்பியது. மார்பு உயர்ந்தது. உள்ளே, கத்தரி வாய் திறந்தது.