அத்தை செய்த சாமை உருண்டை

சாமை உருண்டையைக் கடித்த வெற்றிச்செல்வன் சட்டென்று தொண்டையைப் பிடித்துக்கொண்டான்.

“இன்னாண்ணா, முழுசா முழுங்கிட்டியா?” என்று சிரித்தாள் தங்கை அபிநயா.

அவன் சிரிக்கவில்லை. உதடு வீங்கியது. கழுத்தெல்லாம் சிவப்புத் தடிப்புகள் கிளம்பின. மூச்சு விடும்போது விசில் அடிப்பதுபோலச் சத்தம் வந்தது.

அபிநயாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணனுக்கு வேர்க்கடலை ஆகவே ஆகாது. துளி உள்ளே போனாலும் உயிருக்கு ஆபத்து. சின்ன வயதில் உடம்பு தடித்தபோதெல்லாம் சூடு என்றே வீட்டில் நினைத்தார்கள். போன வருடம் பள்ளியில் கடலை மிட்டாய் தின்று மயங்கி விழுந்த பிறகுதான் வேலூர் டாக்டர் விஷயத்தைச் சொன்னார். அதற்குப் பிறகு அவர்கள் வீட்டுக்குள் கடலையே வருவதில்லை.

“நான் கடல போடவே இல்லடி! சாமையும் வெல்லமும்தான்!” உருண்டை கொண்டுவந்திருந்த பூங்கோதை அத்தை பதறினாள். “எந்திரிடா வெற்றி, வெளிய காத்தாட நட!”

“அவன நடக்க வுடாதீங்க அத்தே! சுவத்துல சாச்சி, கால நீட்டி உக்கார வைங்க!”

அப்பாவும் அம்மாவும் காவலூருக்குப் போயிருந்தார்கள். அபிநயா அண்ணனின் பைக்குள் கையைவிட்டு, டாக்டர் கொடுத்த பேனா போன்ற ஊசியை எடுத்தாள். ஊசியே இல்லாத பயிற்சிப் பேனாவைத் தலையணையில் குத்தி எத்தனையோ முறை பழகியிருக்கிறாள். ஆனால் இது தலையணை இல்லை. அவள் அண்ணன்.

மூடியைக் கழற்றினாள். தொடையின் வெளிப்பக்கத்தில் வைத்து அழுத்தினாள்.

‘டக்!’

டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி கொஞ்ச நேரம் எடுக்காமல் பிடித்திருந்தாள்.

“அத்தே, நூத்தியெட்டுக்குப் போன் போடுங்க! கடல ஒவ்வாமை, ஊசி போட்டாச்சுன்னு சொல்லுங்க!”

ஆம்புலன்ஸ் மலைப்பாதையில் ஏறி வருவதற்குள் விசில் சத்தம் மெல்லக் குறைந்தது. “அபி…” என்றான் வெற்றி. அதுவரை அழாமல் இருந்தவள் அப்போதுதான் ஓவென்று அழுதாள்.

மருத்துவமனையில் ஒரு இரவு வைத்திருந்து, புது ஊசியும் கொடுத்து அனுப்பினார்கள். ஊரே வந்து நலம் விசாரித்தது. அத்தை மட்டும் எட்டிப் பார்க்கவில்லை.

அபிநயா அவள் வீட்டுக்கே போனாள். அத்தை அழுது அழுது கண் வீங்கிக் கிடந்தாள்.

“என் கையாலயே புள்ளைக்கு வெஷத்தக் குடுத்துட்டேனே! எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வர்றது?”

“அன்னிக்குக் காலைல இன்னா சட்னி அரைச்சீங்க அத்தே?”

“கடலச் சட்னி…” சொல்லும்போதே அத்தையின் முகம் வெளுத்தது. “அதே ஜார்லதான் சாமையையும் அரைச்சேன். நல்லா கழுவுனேனேடி!”

அபிநயா மிக்ஸி ஜாரின் மூடியைத் திருப்பினாள். உள்ளே இருந்த ரப்பர் வளையத்தை நகத்தால் நெம்பினாள். இடுக்கில் கடலைச் சட்னி காய்ந்து ஒட்டியிருந்தது.

அத்தை குனிந்து உற்றுப் பார்த்தாள்.

“இத்தனூண்டா?” என்றாள் அத்தை.

“எனக்கே தெரியாது அத்தே. எங்க வூட்டு மூடியா இருந்தா நானும் பாத்திருக்க மாட்டேன். வாங்க போலாம். அண்ணன் உங்களத்தான் கேக்குறான்.”

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனாள். வீட்டில் பயிற்சிப் பேனாவை அத்தையிடம் நீட்டினாள்.

“நான் ஸ்கூல்ல இருக்கறப்ப ஆச்சுன்னா, நீங்கதான போடணும்? பழகிக்கங்க.”

அத்தை சேலையை இழுத்துச் செருகினாள். பல்லைக் கடித்துக்கொண்டு வெற்றியின் தொடையில் ஓங்கி அழுத்தினாள்.

“ஐயோ அத்தே!” வெற்றி துள்ளினான். “இதுல ஊசியே இல்ல! அதுக்கே உயிர் போவுது!”

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“சரியா வரல. இன்னொரு வாட்டி கால நீட்டுடா.”