ஏரி மீன் வேண்டாம்

"அந்த மீனைக் கீழ போடுங்க!"

தூறலில் குடையை மறந்து ஓடிவந்தாள், பறவைகளுக்கு வைத்தியம் பார்க்கும் அந்த டாக்டர். ஏரிக்கரையில் மண்டியிட்டிருந்தவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். அனல்மின் நிலையத்துச் சீருடை, நனைந்த முடி... அப்புறம் அந்தக் கண்கள். திட்ட வந்தவள் ஒரு நொடி அவற்றையே பார்த்துவிட்டாள். அவன் மடியில் ஒரு நீர்க்காகம் கழுத்து நிற்காமல் தள்ளாடிக்கொண்டிருந்தது.

"பசியில துவண்டு கிடக்குதுங்க. கொஞ்ச நாளா நான்தான் ஏரியில மீன் பிடிச்சு ஊட்டறேன்..."

"பசி இல்லங்க, பாதரசம்! உங்க புகைபோக்கியில கிளம்பி, மழையில இறங்கி, மீன்ல சேருது. பாசமா விஷத்தை ஊட்டியிருக்கீங்க."

அவன் முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் ரோஷம் விடவில்லை.

"புகையில கரித்தூள் தூவி, பாதரசத்தைப் பிடிச்சுட்டுத்தான் வெளிய விடறோம். அந்த வேலையே என்னோடதுதான், மேடம்."

"அப்போ இந்தப் பறவை நடிக்குதா?"

நீர்க்காகம் அவள் மருத்துவமனைக்குக் குடிபோனது. வேலை முடிந்த கையோடு தினமும் கடை மீனுடன் அவனும் வந்தான்.

"நம்ம ஆளு எப்படி இருக்கார்?"

"உங்களைவிடத் தேவலை. கேள்வி கேட்டா முறைக்கறதில்லை."

அவன் சிரிப்பான். அவளுக்கோ, சாயங்காலமானால் கண் தானாகக் கதவுக்குப் போனது. அடி அசடே... வைத்தியம் யாருக்கடி பார்க்கிறாய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அதற்குள் அவள் சோதனைக்கு அனுப்பியிருந்த மழைநீரின் முடிவு வந்தது. அதில் பாதரசம் நிறையவே இருந்தது.

"தூள் நிஜமாவே போகுதான்னு திறந்து பாத்தீங்களா?"

"தூள் தூவற மெஷின்ல பச்சை விளக்கு எரியுதுங்க. அங்க மேனேஜரே எங்க அண்ணன்தான்... எங்களைத் திருடங்கன்னு சொல்றீங்களா?"

மீன் பையை வைத்துவிட்டு விறுவிறுவென்று போனவன் பிறகு வரவேயில்லை. மழையும் விடவில்லை. பறவை இரையைத் தொடவில்லை. ஒரு காலையில் அவள் கையிலேயே அடங்கிப்போனது.

துண்டில் சுற்றிவிட்டு நிமிர்ந்தால், வாசலில் அவன். முழங்கைவரை கரி.

"திறந்து பாத்தேங்க... மோட்டார் ஓடுது, விளக்கு எரியுது. ஆனா மழை ஈரத்துல தூள் கல்லா இறுகி, குழாயே அடைச்சுக் கிடக்கு. ஒரு சிட்டிகை கூடப் போகல. நான் விளக்கை மட்டும் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்..."

"அப்புறம்?"

"குழாய் சரியாகற வரைக்கும் உலையை நிறுத்திட்டேன். அண்ணனைக் கேக்கல. இனி என் மூஞ்சியில முழிக்காதேன்னுட்டார்." பேசிக்கொண்டே துண்டைப் பார்த்தவன் நின்றான். "நம்ம ஆளு...?"

அவள் தலை குனிந்தது. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்து, குழந்தைபோல் அழுதான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்தாள்.

"கரி ஒட்டிக்குங்க..."

"ஒட்டட்டும்."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவு நாள் எதை இறக்கிவைத்த மழை என்று இருவருக்கும் தெரியும்.

"உங்களைப் பாக்கத்தான் தினமும் வந்தேன்... மீன் ஒரு சாக்கு."

"நான் மட்டும் மீனுக்காகவா கதவைப் பாத்துக்கிட்டு இருந்தேன்?"

அவன் மழையைப் பார்த்தபடி கேட்டான். "ஏரி தேற எவ்வளவு காலமாகும்?"

"நம்ம ரெண்டு பேருக்கும் தலை நரைச்சிடும்."

"அதுவரைக்கும்?"

"இன்னும் பறவைங்க வரும்... கடை மீன் வாங்கிட்டு தினமும் வாங்க."