செவ்வாய்க்கிழமை உப்பு

நாம் வாசலில் செருப்பை விடுவதுபோல, செவ்வாய்க் கோளின் செவ்வூர் என்னும் குமிழ் நகரில் பிள்ளைகள் மெய்ச்சில்லை விடுவார்கள். காதுக்குப் பின்னால் நகத்தளவு குழி. அதிலிருந்து நெம்பி எடுத்து, வகுப்பு வாசலில் இருக்கும் தட்டில் பெயர் பார்த்து வைக்க வேண்டும். முதல் ஐந்து நிமிடம் தலை சுற்றும். போன வாரம் ஒருத்தன் தன் வீட்டு எண் மறந்துபோய் அழுதேவிட்டான்.

காதில் விழும், கண்ணில் படும் எல்லாச் செய்திக்கும் அந்தச் சில்லு ஒரு நிறம் பூசிக் காட்டும். பச்சை என்றால் உண்மை, சிவப்பு என்றால் பொய். அது எப்படித் தீர்மானிக்கிறது என்று ஒரு ஜீவனும் கேட்டதில்லை. எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்று எண்ணுகிறது, அவ்வளவுதான் சங்கதி! பிள்ளைகளைக் கேட்க வைப்பதற்கென்றே, செய்தியின் ஊற்றைத் தேடும் ஊற்றுப்பாடம் என்று ஒரு பாடமும், அதை நடத்தக் குமுதினி என்று ஒரு டீச்சரும் இருந்தார்கள். ஒன்பது வருடமாக நடத்துகிறாள். இதுவரை ஒரு பிள்ளைகூடத் தேறவில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. மதியம் இரண்டு மணிக்குத் தேர்வு.

"இன்னைக்கு உங்களுக்கு வந்த ஏதாவது ஒரு செய்தியை எடுத்துக்குங்க. மூணே கேள்விதான். யார் சொன்னது, எப்போ சொன்னது, எதுக்குச் சொன்னது? பழைய கணினியில தேடி எழுதுங்க."

பிள்ளைகள் முனகிக்கொண்டே உட்கார்ந்தார்கள். சும்மா இருப்பானேன் என்று குமுதினியும் தனக்கு வந்த ஒன்றை எடுத்தாள்.

"தொட்டியில் பாசி பிடித்திருக்கிறதா? நான்கு கைப்பிடி கல்லுப்பு போடுங்கள். ஒரே நாளில் பலன் தெரியும். இன்று மாலை நான்கு மணிக்குப் போடவும். நலம் விரும்பிகளுக்குப் பகிரவும்."

செவ்வூரில் ஒருவரையொருவர் பார்த்தால், "பாசி பிடிச்சிருக்கா?" என்றுதான் நலம் விசாரிப்பார்கள். வீட்டுக்கு வீடு கண்ணாடித் தொட்டி, அதில் பச்சைப் பாசி. அது விடுகிற காற்றைத்தான் வீட்டார் மூச்சாக இழுக்கிறார்கள். பத்து நாளாகப் புழுதிப்புயல் வெயிலை மறைத்ததில் பாசி வெளுத்துக் கிடந்தது. ஊரே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துப் பாசி தழைக்க இப்படி ஒரு வைத்தியம் வந்தால் விடுவார்களா?

குமுதினி தோண்டத் தோண்டச் செய்தி பூமி வரைக்கும் போனது. இருநூறு வருடத்துக்கு முந்தைய வீட்டுக்குறிப்பு. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் பாசி பிடித்து வழுக்குகிறதா, உப்பைப் போடுங்கள் என்று யாரோ ஒரு புண்ணியவதி எழுதியது. நான்கு மணி மட்டும் இங்கே யாரோ சேர்த்த கைச்சரக்கு. மற்றபடி பொய்யே இல்லை. பலன் என்று அவள் சொன்னது பாசி சாவதை! வீட்டில் தொட்டிக்குப் பக்கத்தில்தான் குமுதினியின் எட்டு மாதப் பெண் தூங்கிக்கொண்டிருப்பாள்.

கணவன் பரிதியை அழைத்தாள். "ஏங்க, உப்பைத் தொடாதீங்க! அது பாசியைக் கொல்றதுக்கு எழுதினது!"

"உனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல? பளிச்சுன்னு பச்சையா காட்டுது. நாலு கைப்பிடி அளந்து வெச்சுட்டேன்," என்று இணைப்பைத் துண்டித்துவிட்டான்.

காற்று வாரியத்தில் பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், எங்க ஆபீஸ் குரூப்லயே வந்துச்சு. நீங்க ஒருத்தர்தான் வேற மாதிரி சொல்றீங்க."

பிள்ளைகளிடம் கத்தினாள். எல்லோரும் ஓடிப்போய்ச் சில்லை மாட்டிக்கொண்டு வந்தார்கள். "டீச்சர், நீங்க சொல்றது சிவப்பா காட்டுது," என்றார்கள் பாவமாக. வகுப்பிலேயே மந்தம் என்று பெயர் வாங்கிய நறுமுகை மட்டும், தேர்வுக்கு எந்தச் செய்தியை எடுப்பது என்றே தெரியாமல் இன்னும் விழித்துக்கொண்டிருந்தாள்.

மணி மூன்று இருபது. எதைச் செய்யாதீர்கள் என்று ஒன்பது வருடம் தொண்டை வற்றக் கத்தினாளோ, அதையே செய்ய உட்கார்ந்தாள் குமுதினி. ஒரு செய்தியை மளமளவென்று அடித்தாள்.

"அவசரம்!!! செவ்வாயில் செவ்வாய்க்கிழமை உப்பைக் கொட்டினால் குடும்பத்துக்கு ஆகாது. பூமியின் மாபெரும் விஞ்ஞானியே சொல்லிவிட்டார். உடனே பதினோரு பேருக்கு அனுப்பவும். அலட்சியம் செய்தவர் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா?"

ஆறே நிமிடத்தில் ஊரெல்லாம் பச்சை. பரிதியே அதை அவளுக்கு அனுப்பியிருந்தான், கும்பிடும் கைகளோடு. "நல்லவேளை, இன்னும் போடல." குமுதினி மேசையில் தலையைச் சாய்த்து அழுதாள். வெட்கமாகவும் இருந்தது, உயிர் திரும்பி வந்த மாதிரியும் இருந்தது. விடிந்தால் புதன். அதற்குள் யாருக்காவது புரியவைத்துவிடலாம்.

மூன்று ஐம்பத்தெட்டுக்கு நறுமுகை குதித்துக்கொண்டு வந்தாள்.

"டீச்சர், கண்டுபிடிச்சுட்டேன்! செவ்வாய்க்கிழமை உப்பு கொட்டக்கூடாதுன்னு வந்துச்சே, அது சுத்தப் பொய். யார் சொன்னது? அப்படி ஒரு விஞ்ஞானியே கிடையாது. எப்போ? மூணு இருபத்திரண்டுக்கு. அதுவும் நம்ம ஸ்கூல்லருந்தே! எதுக்கு? எவனோ விஷமி ஊரைப் பயமுறுத்தத்தான். ஆதாரத்தோட ஊருக்கே போட்டுட்டேன் டீச்சர். எல்லாரும் பகிர்ந்துட்டாங்க. பச்சை!"

ஒன்பது வருடத்தில் தேறிய முதல் பிள்ளை. அத்தனை கேள்வியும் சரி, அத்தனை பதிலும் சரி. குமுதினி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். வீட்டுக்கு அழைத்தாள். இணைப்பு கிடைக்கவில்லை. மறுபடி அழைக்குமுன் பரிதியின் செய்தி வந்து நின்றது.

"புரளியாமே! உன் ஸ்டூடண்ட்தான் கண்டுபிடிச்சாளாம். பெருமையா இருக்கு குமு. நாலு கைப்பிடியும் போட்டாச்சு."

வெளியே தெரு முழுக்கக் கலகலவென்று பேச்சும் சிரிப்பும். வீட்டுக்கு வீடு தொட்டி மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு எந்த வீட்டுக்கு ஓடுவது? எந்த வீட்டில் நாளைக்கு மூச்சு மிச்சமிருக்கும்? வாசல்வரை ஓடியவள், கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"அடிப்பாவி! அந்த முதல் செய்தியை, உப்பு போடச் சொன்னதை... அதையும் இப்படித் தேடிப் பார்த்தியாடி?"

நறுமுகை ஒன்றும் புரியாமல் டீச்சரைப் பார்த்தாள்.

"அதை எதுக்கு டீச்சர் தேடணும்? அது எங்க அம்மா அனுப்பினது."