படம் முடியட்டும்

கிணற்றடிக் காட்சியில் எல்லோரும் சிரித்தார்கள், ஒருத்தியைத் தவிர.

சண்முகராஜ் கம்பளிக்குள்ளிருந்து தலையை நீட்டிப் பார்த்தார். டிவியில் ஓடும் அந்தப் பழைய படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பார் என்று அவருக்கே தெரியாது. காய்ச்சல் வந்தால் மாத்திரைக்கு முன்னால் அதுதான் அவருக்கு மருந்து. மாப்பிள்ளை சேற்றில் வழுக்கி விழுவான், ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். ஆனால் கூட்டத்தின் ஓரத்தில், சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரு பெண் நின்றதாக ஞாபகமே இல்லை.

காய்ச்சல் படுத்தும் பாடு என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். பெரும்பாறை மலையில் மத்தியானமே இருட்டிக் கிடந்தது. ஓயாத சாரலில் காப்பிச் செடிகள் சொட்டிக்கொண்டிருக்க, சன்னல் இடுக்கு வழியே கசிந்த மூடுபனியோடு ஈரச் சாக்கின் வாடையும் வீட்டுக்குள் பரவிக்கொண்டிருந்தது. மனைவி லீலா ஊரில் இல்லை. மலைப்பாதையில் மரம் விழுந்து கிடப்பதாகவும், அறுத்துத் தள்ளியதும் ஜீப்போடு வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதாகவும் டிரைவர் பாலு போனில் சொல்லியிருந்தான். நெஞ்சு இழுத்தது. அதுவரை தாக்குப்பிடித்தால் பிழைத்துக்கொள்ளலாம்.

அந்தச் சாக்கு அவருக்குத் தெரியாததா என்ன? கருப்பம்மாளுடையது. அவருடைய தோட்டத்தில் காப்பிப் பழம் பறித்தவள். வேலை முடிந்து போகும்போது இதே சன்னலுக்கு வெளியே நின்று, கண்ணாடி வழியாகக் கொஞ்சம் படம் பார்த்துவிட்டுப் போவாள். உள்ளே வா என்று அவரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. போன மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் முற்றி, புருஷன் சங்கிலி தோளில் தாங்கிக் கூட்டிவந்து ஜீப் கேட்டான். அன்றைக்கும் இந்தப் படம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏலே சங்கிலி, படம் முடியட்டும். நான் என்ன ஓடியா போறேன்?"

படம் முடிந்து சாவியோடு அவர் வெளியே வந்தபோது, அவள் சன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துச் சாய்ந்திருந்தாள். கண் திறந்தே இருந்தது. கொண்டுவரும்போதே உயிர் இல்லை என்று ஊருக்குச் சொல்லிவிட்டார் மனுஷர், கொஞ்சமும் கூசாமல். சங்கிலி உண்மையைச் சொல்லித்தான் என்ன? கூலிக்காரன் பேச்சு யார் காதில் ஏறும்?

ரிமோட்டை அமுக்கினார். டிவி அணையவில்லை. கல்யாணக் காட்சி வந்ததும், எப்படியும் முடியப்போகிறது என்று பெருமூச்சு விட்டார். தாலி ஏறியது. மறுபடி கிணற்றடி. மாப்பிள்ளை வழுக்கி விழுந்தான். இந்தத் தடவை அவள் கூட்டத்துக்கு முன்னால் நின்றாள். அடுத்த தடவை கிணற்றைத் தாண்டி வந்திருந்தாள். அதற்கடுத்த தடவை அவள் நெற்றி டிவியின் கண்ணாடியில் பதிந்திருந்தது. உட்புறமிருந்து.

பிறகு அவளைக் காணவில்லை. வாடை மட்டும் இருந்தது. பக்கத்தில்.

வாசலில் ஜீப் ஹாரன்.

பாலு வந்துவிட்டான். போன உயிர் திரும்பியது. கம்பளியை இழுத்துப் போர்த்தி, சுவரைப் பிடித்து நடந்து, கதவைத் திறந்து வெளியே இறங்கினார்.

ஜீப் இல்லை. வெறும் பனி.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

தோள் கனத்தது. தொட்டுப் பார்த்தார். கம்பளி இல்லை. சாக்கு. ஈரச் சாக்கு.

தட்டுத்தடுமாறிச் சன்னலுக்குப் போனார். உள்ளே அவருடைய நாற்காலியில், அவருடைய கம்பளியைப் போர்த்திக்கொண்டு கருப்பம்மாள் சாவகாசமாக உட்கார்ந்திருந்தாள். டிவியில் மாப்பிள்ளை சேற்றில் விழுந்தான். இப்போது அவளும் சிரித்தாள்.

தட்டினார். கையில் வலுவில்லை. நெற்றியால் முட்டினார். கண்ணாடி சில்லென்றிருந்தது. ஆஸ்பத்திரி என்று சொல்ல வாயைத் திறந்தார். கண்ணாடியில் மூச்சு படியவில்லை.

அவள் திரும்பவில்லை.

"படம் முடியட்டும் மொதலாளி. நான் என்ன ஓடியா போறேன்?"

உள்ளே மறுபடி கிணற்றடி வந்தது.