ஓட ஓட அடங்கும்

வண்டி வாங்கிய அன்று சாயங்காலமே, ரேடியல் ரோட்டில் கீழ்க்கட்டளை தாண்டியதும் ஜோதிலட்சுமி அதைக் கேட்டுவிட்டாள். கண்ணாடிகள் மேலே ஏறியிருந்தன. ஏசி மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. பிரிக்காத பிளாஸ்டிக் உறையின் வாசனையும், கண்ணாடியில் செருகியிருந்த சாமந்தியின் வாசனையும் கலந்து மூக்கை அடைத்தன. அத்தனைக்கும் அடியில், அவள் பாதங்களுக்குக் கீழே, யாரோ உதட்டை மூடிக்கொண்டு வெறும் வாயை மென்றுகொண்டிருப்பதைப் போல ஒரு சத்தம் கூடவே வந்தது.

"உங்களுக்குக் கேக்குதா?"

"என்னது?"

"கீழ. யாரோ மெல்ற மாதிரி."

அவள் கணவன் மோகன்ராஜ் ஏசியைக் குறைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டான். முகம் சுருங்கியது. "டயர் சத்தம். புது டயர் இல்ல, அப்படித்தான் இருக்கும்."

சொன்னானே தவிர வீடு வரை அவன் ஏசியை மறுபடி கூட்டவில்லை. திருமுடிவாக்கத்தில் இரும்புத் தகடு அடிக்கும் கம்பெனியில் அவனுக்குத் தரம் பார்க்கிற வேலை. நாளெல்லாம் பிரஸ் மெஷின் இடிக்கிற இடியில் நின்றுவிட்டு வருகிறவன். 'கதவை மூடினா ஒரு சத்தம் கேக்கக் கூடாது, அதுக்குத்தான் இவ்ளோ பெரிய வண்டி' என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

அன்று காலையில்தான் அஸ்தினாபுரம் கோயில் வாசலில் பூஜை நடந்தது. ஐயர் கற்பூரம் காட்டிவிட்டு, நான்கு டயருக்கும் கீழே ஒவ்வொரு எலுமிச்சம்பழம் வைத்து, "மெதுவா ஏத்தி நசுக்கிட்டு முன்னால எடுங்க சார்" என்றார்.

மோகன்ராஜ் வண்டியை விட்டு இறங்கினான். குனிந்து நான்கு பழங்களையும் எடுத்தான்.

"சார், அது வண்டிக்கு வச்சது."

"அந்தச் சாறு ரப்பருக்கு ஆகாதுங்க. புது டயர் இது." பழங்களை ஜோதியின் கையில் கொடுத்தான். "ஜூஸ் போடு. வெயிலுக்கு நல்லா இருக்கும்."

ஐயர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஜோதி வீட்டுக்கு வந்து உப்பும் சர்க்கரையும் போட்டு அந்த ஜூஸைக் கலக்கினாள். இருவரும் குடித்தார்கள்.

ஒரு வாரத்தில் சத்தம் இரண்டு மடங்காயிற்று. சிமென்ட் ரோட்டில் அது உறுமல், தார் ரோட்டில் அரைக்கிற சத்தம். வண்டியை விட்டு இறங்கிய பிறகும் விடவில்லை. தலையணையில் காது வைத்தால் அங்கேயும் மென்றது. ஜோதிக்குப் பிடரியிலிருந்து உச்சி வரை ஒரு முடிச்சு விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டே தூங்கி, பல்லைக் கடித்துக்கொண்டே எழுந்தாள்.

சர்வீஸ் சென்டரில் தனசிங் என்ற பையன் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"கம்பெனி போட்டு அனுப்புற டயர் எல்லாமே இப்படித்தான் சார். ரப்பர் கொஞ்சம் கெட்டி. ஓட ஓட அடங்கிடும்."

"எவ்ளோ ஓடணும்?"

"அது வண்டிக்கு வண்டி மாறும் சார்."

"வேற டயர் போட்டுடலாமே தம்பி" என்றாள் ஜோதி.

"நல்ல டயரைக் கழட்டி யாராவது போடுவாங்களா மேடம்?" என்று சிரித்தான். அவன் சிரிக்கும்போது மோகன்ராஜ் முன்சக்கரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு, ரப்பரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தான். காய்ச்சல் பார்க்கிறவனைப் போல.

அந்த வாரமே நாய் அடிபட்டது. கோயிலுக்குப் பின்னால் படுத்திருக்கும் செவலை. வண்டி திரும்புகிற வளைவில் எழுந்து வந்தது. அவன் பிரேக் போட்டான், உண்மையாகவே போட்டான், அவள் பார்த்தாள். ஆனாலும் முன்சக்கரம் ஒரு முறை ஏறி இறங்கியது, பின்சக்கரம் ஒரு முறை. ஈர மூங்கிலை முறித்த மாதிரி ஒரு சத்தம். ஊளை பாதியில் அறுந்தது.

அப்புறம் எதுவும் கேட்கவில்லை.

தாம்பரம் சானடோரியம் வரை போனார்கள், திரும்பி வந்தார்கள். சக்கரம் ரோட்டில் படுகிறதா என்றே தெரியவில்லை. எண்ணெயில் வழுக்கிப் போவதைப் போல வண்டி போனது. மோகன்ராஜின் தோள்கள் இறங்கின. ஜோதி நாயை நினைத்து அழுதாள். அழுதபடியே சீட்டில் தூங்கிப் போனாள். அப்படித் தூங்கிப் பல நாள் ஆகியிருந்தது.

காலையில் துடைப்பதற்காக ஒரு வாளித் தண்ணீரோடு போனாள். சக்கர வளைவின் உள்பக்கமெல்லாம் ரத்தம் காய்ந்து, செவலை மயிர் ஒட்டியிருந்தது. டயரில் மட்டும் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பள்ளமும் நக்கி எடுத்த தட்டு மாதிரி இருந்தது.

சத்தம் திரும்பி வந்தபோது அவள் கோயிலுக்குப் போனாள். நான்கு எலுமிச்சம்பழம் வாங்கி வந்து, அவன் குளிக்கும் நேரம் பார்த்து டயர்களுக்குக் கீழே வைத்தாள். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அவள் ஓடிப்போய்ப் பார்த்தாள். நான்கும் நசுங்கித்தான் கிடந்தன. தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. தோலும் கொட்டையும், மாதக் கணக்கில் வெயிலில் கிடந்த மாதிரி.

அன்று சாயங்காலம் அவன் தெருமுனையில் திரும்பும்போதே அவளுக்கு வீட்டுக்குள் கேட்டது.

லோகுவிடம் சொன்னாள். லோகு அவள் தம்பி. பள்ளிக்கரணையில் பழைய வீட்டில் தனியாக இருந்தான், வேளச்சேரியில் ஒரு செல்போன் கடையில் வேலை. அப்பா அம்மா போன பிறகு பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சமிருந்தது அவன் ஒருத்தன்தான்.

"டயருக்குப் பசியா?" லோகு விழுந்து விழுந்து சிரித்தான். "எனக்குந்தான் பசி. நீ இன்னா செஞ்சு வச்சிகீற?"

"வெளையாடாதடா. நாயைத் தின்னுச்சு. அப்புறம் அடங்கிடுச்சு."

"அக்கா, நீ தூங்கி எத்தினி நாளாச்சு? கண்ணைப் பாரு, உள்ள பூடுச்சு."

"உங்க மாமாவும் கேக்கறாரு. அவருக்கும் தெரியும்."

"மாமாக்கு மெஷின்கிட்ட நின்னு நின்னு காது பூட்ச்சு. உனுக்கு இன்னா வந்துச்சு?"

ஜோதி எழுந்து அவனுக்குச் சோறு போட்டாள்.

மேடவாக்கத்தில் அடிபட்டது கன்றுக்குட்டி. அதை அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். ரோட்டோரம், குப்பைத் தொட்டியில் தலையை விட்டுக்கொண்டு அது நின்றிருந்தது. ரோடு காலியாக இருந்தது. மோகன்ராஜின் கைகள் ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக, அவசரமே இல்லாமல் திருப்பின. வயிறு வெடிக்கிற சத்தம் தரை வழியாக அவள் முதுகெலும்பில் ஏறியது. சூடான ஏதோ ஒன்று அவள் பக்கத்துக் கண்ணாடியில் அடித்து வழிந்தது. கன்று இரண்டாம் முறை கத்தவில்லை.

"குறுக்க வந்துடுச்சு" என்றான்.

"வரல. அது நின்னுட்டிருந்துச்சு. நீங்கதான் போனீங்க."

"ஜோதி."

"நீங்கதான் திருப்பினீங்க, நான் பார்த்தேன்."

"இப்ப கேக்குதா?"

அவள் கண்ணாடியில் வழிவதையே பார்த்தாள்.

"சொல்லு. கேக்குதா இல்லையா?"

"இல்ல" என்றாள். குரல் அவளுக்கே பிடிக்காத அளவுக்கு நிம்மதியாக வந்தது.

நாய்க்குப் பிறகு இருந்த அமைதியில் பாதிகூட இது நிற்கவில்லை. அடுத்தது கன்றாக இருக்காது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் அவன் வண்டியை எடுக்காமல் இருக்கச் சாவியை ஒளித்து வைத்தாள். அவன் கையை நீட்டிக்கொண்டு சமையலறை வாசலில் நின்றான், திட்டவில்லை, அவள் தருகிறவரை நின்றான். அதன் பிறகு அவன் எங்கே போனாலும் அவளும் கூடப் போனாள். பக்கத்தில் நான் இருந்தால் செய்ய மாட்டான். அதை ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி மழை வலுத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை லோகுவுக்குப் பெண் பார்க்க வேளச்சேரிக்குப் போனார்கள். பெண்ணைப் பிடித்துப் போயிற்று. லோகு பைக்கில், இவர்கள் வண்டியில் திரும்பி வந்து, பள்ளிக்கரணை வீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து காபி குடித்தார்கள். கிளம்பும்போது மணி ஆறுகூட ஆகவில்லை, அதற்குள் வானம் கறுத்துக் கரண்டும் போயிருந்தது. தெருவில் முழங்கால் தண்ணீர்.

"எது ரோடு எது பள்ளம்னு தெரியாது மாமா. நான் முன்னால போறேன். என் லைட்டைப் பாத்துகினே வாங்க, ரேடியல் ரோடு வரைக்கும் வுட்டுடறேன்."

"வேணாம்டா" என்றாள் ஜோதி. "நீ வூட்லயே இரு."

"மாப்ள ஆவப் போறவன், மாமாவுக்கு இதுகூட செய்லன்னா எப்டி?"

"அப்ப நான் உன்கூட பைக்ல வரேன்."

"இந்த மழையிலயா? பேஜார் பண்ணாதக்கா, போயி ஏறு."

"அவன் வரட்டும் விடு, ஜோதி" என்றான் மோகன்ராஜ். லோகுவின் தோளில் கை போட்டான். "மச்சான் முன்னால போகட்டும்."

அவள் ஏறினாள்.

தெருத் தண்ணீரைத் தாண்டி, சதுப்பு நிலத்தை ஒட்டிய ரோட்டில் ஏறியதும் அது ஆரம்பித்தது. இதுவரை அப்படிக் கேட்டதில்லை. மழை கூரையில் கொட்டுகிற சத்தத்தை அது தின்றது, வைப்பரின் சத்தத்தைத் தின்றது. கால்களுக்குக் கீழே தகடு நடுங்கியது. பல்வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று அரைபட்டன. நாணல் அழுகிய நாற்றமும் எரிந்த ரப்பர் நாற்றமும் ஏசி வழியாக வந்தன. முன்னால் லோகுவின் சிவப்பு விளக்கு ஒன்றுதான் உலகத்தில் தெரிந்தது. அது பெரிதாகிக்கொண்டே வந்தது.

"மெதுவாப் போங்க."

அவன் திரும்பவில்லை. அவன் தாடை அசைந்துகொண்டிருந்தது. எதையோ மென்றுகொண்டிருந்தான்.

"என்னங்க. அவன் என் தம்பிங்க."

விளக்கு இன்னும் பெரிதாயிற்று.

போனை எடுத்தாள். ஈரக் கையில் பட்டன்கள் வழுக்கின. லோகு ஹெல்மெட்டுக்குள் எப்போதும் இயர்போன் மாட்டியிருப்பான். உடனே அழைப்பை எடுத்துவிட்டான்.

"இன்னாக்கா?"

"ரோட்டை விட்டு எறங்கிடு. லோகு, ஓரமா எறங்கி ஓடிடு."

"ஹலோ? அக்கா?"

"ஓடுடா. திரும்பிப் பாக்காத."

"ஒண்ணும் கேக்கல. ஒரே கரகரன்னு கீது. இன்னா ஆச்சு, மாமாக்கு எதுனா ஆயிடுச்சா?"

அவள் கத்தினாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

"இரு. பயப்படாத. தோ வரேன்."

சிவப்பு விளக்கு நின்றது. லோகு பைக்கை ஓரமாக ஸ்டாண்டில் நிறுத்துவது தெரிந்தது. ஹெல்மெட்டைக் கழற்றினான். அக்காவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ரோட்டின் நடுவுக்கு வந்து, கையைத் தூக்கி வண்டியை நிறுத்தச் சொல்லியபடி, ஹெட்லைட் வெளிச்சத்துக்குள் நடந்து வந்தான்.

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தாள். மோகன்ராஜின் முழங்கை அவள் வாயில் இறங்கியது. பல் உடைந்தது. மீண்டும் பிடித்தாள். மீண்டும் முழங்கை. மூக்கு. அவள் கண்ணுக்குள் வெள்ளை. அந்த வெள்ளைக்கு நடுவில் லோகுவின் முகம். இன்னும் கையைத் தூக்கியபடி.

முன்சக்கரம் ஏறியது.

எலும்பு.

பின்சக்கரம்.

வண்டி நின்றது.

அமைதி.

மழை கண்ணாடியில் விழுவது தெரிந்தது, கேட்கவில்லை. மோகன்ராஜ் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். தூங்குகிற குழந்தையின் முகம்.

"கேளு, ஜோதி."

கேட்டாள். எங்கேயும் ஒன்றும் இல்லை. அலறத்தான் வாயைத் திறந்தாள். இறுகியிருந்த தாடை அப்படியே தளர்ந்தது. பிடரி முடிச்சு ஒவ்வொரு இழையாக அவிழ்ந்தது. உடைந்த பல் வலிக்கவில்லை. வாயிலிருந்து ரத்தம் புடவையில் வழிந்தது, இளஞ்சூடாக, இதமாக. வண்டி வந்த நாளிலிருந்து அவள் கேட்டதெல்லாம் இதைத்தான்.

மடியில் போன் வெளிச்சமாக இருந்தது. லைன் அறுந்திருக்கவில்லை.

"அக்கா..."

வண்டிக்கு அடியிலிருந்து.

"கால் எங்கன்னு தெர்லக்கா. வண்டிய எடுக்க வேணாம்னு சொல்லு. நான் கீழதான் கீறேன். அக்கா, மாமாகிட்ட சொல்லு."

அவ்வளவு பெரிய அமைதியில் அந்தக் குரல் பல்லில் மாட்டிய மணலாக நறநறத்தது. மோகன்ராஜின் நெற்றி சுருங்கியது.

"என்ன சத்தம் அது?"

ஜோதியின் கட்டைவிரல் சிவப்புப் பட்டனைத் தடவிக் கண்டுபிடித்து அழுத்தியது.

அவன் ரிவர்ஸ் கியர் போட்டான். அவள் சீட்டைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடினாள்.