எர்த் குழி

தொட்டால் சுருக்கென்று ஷாக் அடித்திருந்தால்கூடக் கயல்விழி பொறுத்துக்கொண்டிருப்பாள். கோயமுத்தூர் கணபதியில் அவள் வேலை பார்க்கிற பம்ப்செட் கம்பெனியின் பின்னறைக்குச் சர்வர் வந்து இறங்கிய நாளிலிருந்து, அதன் தகரப் பெட்டியில் கை பட்டால் எறும்பு கடித்த மாதிரி ஒரு சின்ன ஷாக் இருக்கத்தான் செய்தது. அவளும் அதற்குப் பழகிப்போயிருந்தாள். இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொட்டபோது ஷாக் இல்லை. ஈரம் இருந்தது. வெளியே சித்திரை வெயிலில் தார் ரோடே இளகிக் கிடக்க, உள்ளே பெட்டியின் முதுகு முழுக்க வியர்த்திருந்தது. கையை எடுத்தபோது அந்த ஈரம் விரலோடு நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. துப்பட்டாவில் துடைத்தாள். சும்மா இருந்திருக்கலாம், கையை மூக்கருகே கொண்டுபோனாள். உப்புக்கண்டம் வாடை. கறியை உப்பும் மஞ்சளும் தடவிக் கொடியில் காயப்போட்டு, காய்வதற்குள் மழை பிடித்துக்கொண்டால் ஒரு வீச்சம் வருமே, அதே வீச்சம்.

சீ, கருமம்.

கயல்விழிக்கு இந்த மாதிரி சமாச்சாரங்களே ஆகாது. அடுத்தவர் குடித்த டம்ளரைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் அவளுக்குத் திருப்தி வராது. ஹாஸ்டல் பெண்கள் அவளுக்குச் சோப்பு டப்பா என்றே பேர் வைத்திருந்தார்கள். அவளுடைய அம்மா கொடுமுடியில் பார்த்து வைத்திருந்த மாமன் மகனை அவள் வேண்டாம் என்றதற்கும் பெரிய காரணமெல்லாம் கிடையாது. அவன் சாப்பிட்ட தட்டிலேயே கை கழுவுவான், வாய் கொப்பளிப்பான், அதிலேயே காறியும் துப்புவான். அதை ஒரு தரம் பார்த்துவிட்டு வந்தவள் இரண்டு நாள் சோறு தின்னவில்லை. அந்தத் தட்டை வாழ்நாள் முழுக்கத் தான் கழுவ வேண்டும் என்கிற நினைப்பே அவளைக் கோயமுத்தூருக்குத் துரத்திக்கொண்டு வந்தது. இந்த வேலை இருக்கிற வரைக்கும் தப்பித்தாள். போய்விட்டால் முகூர்த்தம் வைத்துவிடுவார்கள்.

வேலையோ சர்வர் கையில் இருந்தது. அது நினைத்த நேரத்துக்கு நின்றுபோகும். அதோடு இணைத்த ஆறு டெர்மினலும் அப்படியே உறைந்து, அதுவரை அடித்த பில்லெல்லாம் காற்றோடு போகும். முதலாளி வெங்கடபதி மெதுவாகத்தான் சொன்னார்.

"அடுத்த மாசம் ஒரு திங்கக்கெழமை எங்கண்ணன் கண்ணையா வர்றாரு கண்ணு. அவரு வர்றப்ப இது நின்னுபோச்சுன்னா பொட்டியத் திருப்பி அனுப்பிப்போடுவாரு. அப்பறம் உனக்கும் இங்க வேல இல்லீன்னு ஆயிரும் பாத்துக்க."

மெஷின் விற்ற கடையிலிருந்து வந்த பிரான்சிஸ்தான் கோளாறைக் கண்டுபிடித்தான். ப்ளக் பாயிண்டில் மல்டிமீட்டரின் இரண்டு ஊசிகளையும் குத்தி முள்ளைக் காட்டினான்.

"சர்வர் போடறவங்க மொதல்ல பாக்க வேண்டியது மெஷின இல்லீங்க, மண்ண. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவால ரெண்டு வோல்ட்டுக்கு மேல வரவே கூடாதுங்க. உங்குளுக்குப் பாருங்க, பன்னெண்டு காட்டுது. கம்ப்யூட்டருக்குன்னு தனிக் குழி தோண்டோணுங்க. அடியில செம்புத் தகடு, மேல கரியும் உப்புமா மாத்தி மாத்திப் போட்டு, குழாயில புனல வெச்சு தெனம் தண்ணி ஊத்தோணும். எடம் மட்டும் நல்ல ஈரமான எடமாப் பாத்துக்குங்க."

கம்பெனிப் புறக்கடையில் போர்வெல் வற்றி, மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த சமயம் அது. சுவரோரத்தில் ஒரே ஓர் இடம் மட்டும் கறுப்பாக, கால் வைத்தால் உள்ளே வாங்குகிற மாதிரி இருந்தது. வெயிலில் காயாத ஈரம். அவள் கை நீட்டிக் காட்டியதும், கம்பெனியில் தோட்ட வேலையும் தண்ணீர் வேலையும் பார்க்கிற மாசாணம் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க அம்மணி, ஊரே காஞ்சு கெடக்குது. இங்க மட்டும் ஈரம் எங்கிருந்து வருதுன்னு பாத்துப்போட்டுத் தோண்டலாமுங்களே."

"அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாமுங்கண்ணா. நமக்கு ஈரந்தான் வேணும்."

தோண்டினார்கள். முள் ஒன்றுக்கு இறங்கியது. சர்வர் ஒரு மாதம் மூச்சுவிடாமல் ஓடியது. மாசாணம் தினமும் காலையில் மூடியைத் திறந்து புனலில் குடம் குடமாக ஊற்றினார். போன வாரம் ஒரு நாள் அவள் முன்னால் வந்து வலது கையை விரித்துக் காட்டினார். விரல்களெல்லாம் வெளுத்துச் சுருங்கி, நாள் முழுக்கத் துணி துவைத்த கை மாதிரி இருந்தன. உள்ளங்கையில் ஒரு ரேகைகூட இல்லை.

"புனல்ல கை பட்டுதுங்க. அன்னைலிருந்து காயவே மாட்டேங்குது. தொடைக்கத் தொடைக்க ஊறுதுங்க."

அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பாவம் என்று தோன்றுவதற்கு முன்னால் குமட்டல்தான் வந்தது, அதற்கு அவள் என்ன செய்வாள். டாக்டரைப் பாருங்கள் என்று தள்ளி நின்றே சொல்லி அனுப்பினாள். மறுநாளிலிருந்து அவர் வேலைக்கு வரவில்லை. சைக்கிள் மட்டும் புறக்கடைச் சுவரில் சாய்த்தபடியே நின்றது.

அவர் வராததால் குழிக்குத் தண்ணீரும் இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை, ஈரத்தைத் துடைத்துவிட்டு, பிரான்சிஸ் ப்ளக்கில் குத்தியபடியே விட்டுப்போன மீட்டரைப் பார்த்தால் முள் ஒன்பதில் நின்றது. சர்வர் நின்றுபோய்த் திரை கறுப்பாகக் கிடந்தது. நாளைக்குக் கண்ணையா வருகிறார். வேறு வழி கிடையாது, குழிக்குத் தான்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

டிரம்மின் அடியில் கிடந்த தண்ணீரை மொண்டு எடுத்துக்கொண்டு புறக்கடைக்குப் போனாள். பக்கத்து லேத் பட்டறையெல்லாம் பூட்டிக் கிடந்தது. விடுமுறை நாளில் கணபதி இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. சிமெண்ட் மூடியை நகர்த்தியதும் வாடை முகத்தில் மோதியது. உள்ளே கரியும் உப்பும் சேர்ந்து குழைந்து, கறுப்பும் வெள்ளையுமாகக் கூழ் மாதிரி தளதளவென்று நின்றது. புனலின் விளிம்பில் வழவழப்பாக ஏதோ படிந்து, அதில் நரைத்த முடி இரண்டு ஒட்டியிருந்தது.

துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு ஊற்றினாள். தண்ணீர் குழாய்க்குள் கடகடவென்று இறங்கவில்லை. மடக், மடக் என்று இறங்கியது. நடுவில் நின்றது. மறுபடியும் மடக். கடைசிச் சொட்டு இறங்கியதும் அடியிலிருந்து வெதுவெதுப்பாக ஒரு காற்று, ஏப்பம் மாதிரி, அவள் முகத்துக்கு நேராக வந்தது.

ஓடிப்போய் மீட்டரைப் பார்த்தாள். ஏழு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எட்டு. ஒன்பது. குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீரையும் கொண்டுவந்து ஊற்றினாள். மடக். அவ்வளவுதான். அந்தத் தண்ணீர் அதற்குப் போதவில்லை.

காலிப் பாட்டிலை எடுக்கும்போது புறங்கை புனலில் பட்டது. மெத்தென்றிருந்தது. தகரம் மெத்தென்று இருக்குமா? மெத்தென்று, வெதுவெதுப்பாக, உதடு மாதிரி இருந்தது. அது மெல்லச் சுருங்கி அவள் கையைப் பிடித்தது.

அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். எழுந்து ஓட நேரமில்லை. குனிந்தபடியே வாந்தி எடுத்தாள். மத்தியானம் தின்ற தயிர் சோறு அத்தனையும் புனலுக்குள் போனது.

மடக், மடக், மடக், மடக். ஒரு பருக்கை மிச்சமில்லை. புனல் பளபளவென்று இருந்தது.

உள்ளே சர்வர் தானாகக் கீச்சென்று கத்திக்கொண்டு உயிர்பிடிக்கும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தாள். முள் பூஜ்யத்தில் நின்றது. அசையவே இல்லை.

அன்று அவள் ஐந்து தரம் சோப்புப் போட்டாள். கை காயவில்லை.

திங்கட்கிழமை கண்ணையா வந்தார். வெள்ளை வேட்டி, சந்தேகம் பிடித்த முகம். ஆறு டெர்மினலும் ஓடின. பிரிண்டர் கரகரவென்று பில்லைத் துப்பியது. ஒரு மணி நேரம் கூடவே இருந்து பார்த்தார். ஒன்றும் நிற்கவில்லை.

"பரவால்லியே," என்று சொல்லிச் சர்வரின் முதுகில் மாட்டைத் தட்டுகிற மாதிரி உள்ளங்கையால் தட்டிக் கொடுத்தார். "இதென்ன கண்ணு, ஈரமா இருக்குது?"

வேட்டியில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

சொல்லியிருக்கலாம். தொடாதீர்கள் என்று முன்னாலேயே சொல்லியிருக்கலாம். கயல்விழி தன் வெளுத்த விரல்களைத் துப்பட்டாவுக்குள் சுருட்டிக்கொண்டு, "ஏசி ஈரமுங்க" என்றாள்.

வெங்கடபதிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அப்பறம் என்ன. பொட்டியும் இங்கதான், நீயும் இங்கதான் கண்ணு. இனி நீ எங்கியும் போக வேண்டியதில்ல."

அதைக் கேட்கத்தான் இத்தனை நாள் காத்திருந்தாள். கேட்டதும் சந்தோஷம் வரவில்லை. மீட்டரின் முள் அசைந்தது. ஒன்று. இரண்டு. முள்ளோடு சேர்ந்து அவள் வயிறும் மேலே ஏறியது. வாயெல்லாம் எச்சில் ஊறியது. உப்பு எச்சில். மூன்று.

வாயைப் பொத்திக்கொண்டு புறக்கடைக்குப் போனாள். ஓடவில்லை; எங்கே போகிறோம் என்று கால்களுக்குத் தெரிந்திருந்தது. மூடியை நகர்த்தினாள்.

கூழுக்குள்ளிருந்து ஒரு கை மேலே வந்திருந்தது. வலது கை. வெளுத்துச் சுருங்கிய விரல்கள் குவிந்து, சொம்பிலிருந்து ஊற்றச் சொல்லி ஏந்துகிற மாதிரி, புனலுக்குப் பக்கத்தில் காத்திருந்தது. உள்ளங்கையில் ஒரு ரேகைகூட இல்லை.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. கண்ணையா வந்து நின்றார். ஒரு கை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தது. இன்னொரு கை வாயை இறுக்கிப் பொத்தியிருந்தது. விரலிடுக்கில் வழிந்தது.

"சித்த நகுரு கண்ணு," என்றார்.

குழிக்குள், அந்த உள்ளங்கைக்குப் பக்கத்தில், இன்னோர் உள்ளங்கை மேலே வந்து அதனோடு சேர்ந்து குவிந்தது.